நூற்று நாற்பத்து மூன்றில் ஒன்று

பள்ளிக்கூடக் கதவில் ஒட்டியிருந்த தாளை அவள் மூன்று தடவை படித்தாள். முதல் தடவை எண்களை மட்டும் படித்தாள். இரண்டாம் தடவை, யாராவது தன் முகத்தைப் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே படித்தாள். மூன்றாம் தடவை படித்தது சும்மா. எல்லாரும் நின்று படிக்கிற இடத்திலிருந்து சட்டென்று விலகிப் போனால் அதுவே நாலு பேர் கண்ணை உறுத்தும். முதலாளியின் மச்சினருக்கு நூற்று நாற்பத்திரண்டு ஓட்டு. எதிர்த்து நின்ற மூணுவிரலுக்கு ஒன்று. செல்லாதவை சைபர். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. கீழே ஒரு கையெழுத்தும் ஒரு முத்திரையும். பசை காயாமல் தாளின் ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது.

அந்த ஒன்று அவளுடையது. யாருக்கும் தெரியாது, தெரிய வழியே இல்லை என்று நம்பித்தான் போட்டிருந்தாள். நாலைந்து பேராவது போட்டிருப்பார்கள், அந்தக் கும்பலோடு நம்முடையதும் கிடக்கும் என்று நினைத்தாள். இப்போது பார்த்தால் கூட்டத்திலிருந்து பிடித்து இழுத்து வெளியே நிறுத்திய ஆள் மாதிரி அது தனியாக நிற்கிறது.

பாட்டில் தொழிற்சாலையில் அவளுக்கு வெளிச்சத்துக்கு முன்னால் உட்காருகிற வேலை. உலையிலிருந்து பிறந்து வரும் பாட்டில்கள் நீளமான சூட்டறைக்குள் மெதுவாக ஆறி, பெல்ட்டில் வரிசையாக வந்து, ஒரு வெள்ளை வெளிச்சப் பலகையைக் கடந்து போகும். கொப்புளம், கல், மயிரிழை விரிசல், கழுத்துக் கோணல், எது இருந்தாலும் கண்டுபிடித்து உடைசல் தொட்டியில் எறிய வேண்டும். ஒரு பாட்டிலுக்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது. இந்த வேலை செய்கிற பெண்களுக்கு அங்கே லைட்டுக்காரி என்று பெயர். ஒரு ஷிஃப்டுக்கு மூன்று லைட்டுக்காரிகள். இவள்தான் மூத்தவள், பதினான்கு வருஷம் ஆகிறது. பக்கத்து ஸ்டூலில் இருப்பவளை எல்லாரும் சின்னவள் என்பார்கள். கல்யாணமாகி ஏழு மாதம். வாய் ஓயாது, கண் மட்டும் பெல்ட்டை விட்டு நகராது. மூன்றாமவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். ரகசியம் பேச அதைவிடத் தோதான இடம் தொழிற்சாலையில் கிடையாது.

ஆனால் அன்று காலை சின்னவளும் பேசவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, பாட்டில்களைப் பார்த்தபடியே, "பாத்தீங்களாக்கா?" என்றாள்.

"பாத்தேன்."

"யாராயிருக்கும்?"

"யாருக்குத் தெரியும்."

"பாவம்க்கா, அது யாரா இருந்தாலும்" என்றாள் சின்னவள். ஒரு பாட்டிலை எடுத்து உடைசல் தொட்டியில் எறிந்தாள்.

தேர்தல் என்னவோ நகரசபைக்குத்தான். வேலிக்கு உள்ளே, தொழிற்சாலையின் லைன் வீடுகளில் மட்டும் நூற்று நாற்பத்து மூன்று ஓட்டு. அவ்வளவு பேரும் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டாமே என்று முதலாளி பெருந்தன்மையாக எழுதிக் கேட்டு, தொழிற்சாலைப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு சாவடி வாங்கிக் கொடுத்திருந்தார். அங்கே விழுகிற ஓட்டை அங்கேயே எண்ணி, அந்தக் கதவிலேயே ஒட்டிவிட வேண்டும் என்பது சட்டம். சட்டம் எழுதியவர்கள் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். வேலியை அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். மூணுவிரல் தன் சார்பில் சாவடியில் உட்கார அனுப்பிய ஆளைக் காவலாளி கேட்டிலேயே நிறுத்திவிட்டான். ஓட்டுச் சாவடிக்கு வரலாம், தொழிற்சாலைக்குள் வர கேட் பாஸ் வேண்டுமாம். உள்ளே உட்கார்ந்திருந்த இரண்டு பேருமே வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸ் குமாஸ்தாக்கள். வேலிக்கு ஓணான் சாட்சி.

மூணுவிரலும் ஒரு காலத்தில் வேலிக்குள் இருந்தவர்தான். பாட்டில் வார்க்கிற அச்சு மெஷினில் வேலை. அப்போது அவருக்குப் பத்து விரலும் இருந்தன. உற்பத்தி வேகமாக வேண்டும் என்று மெஷினின் தடுப்புத் தகட்டைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. விசாரணையில், தகட்டை அவரே கழற்றினார் என்று எழுதினார்கள். தகட்டைக் கழற்றியது யார், சொன்னது யார் என்று மூத்த லைட்டுக்காரிக்குத் தெரியும். அவள் ஸ்டூலிலிருந்து பார்த்தால் அந்த மெஷின் நேராகத் தெரியும். டைம் ஆபீஸர் அவளைக் கூப்பிட்டு, "நீங்க ஏதாவது பாத்தீங்களாம்மா?" என்று கேட்டபோது, "நான் பாட்டிலைப் பாத்துட்டு இருந்தேன் சார்" என்றாள். அந்த வாக்கியம் ஆறு வருஷமாக அவள் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. சாப்பிடும்போது குத்தும், தண்ணீர் குடித்தால் இறங்காது.

ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் அட்டையால் ஒரு மறைப்பு வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் நின்ற அரை நிமிஷம், தன்னை யாருமே பார்க்காத அரை நிமிஷம் என்று அவளுக்குத் தோன்றியது. வேலையில் மேஸ்திரி பார்ப்பான், வீட்டுக்கு வந்தால் சுவருக்கு ஒரு காது, ஜன்னலுக்கு இரண்டு கண். இங்கே அட்டைதான் இருந்தது. முத்திரையை எடுத்து மூணுவிரலின் சின்னத்தில் குத்திவிட்டாள். குத்தும்போது பயமே இல்லை. கை அவ்வளவு லேசாக இருந்தது.

பத்து மணிக்கு டீ குடிக்கக் கேன்டீனுக்குள் போனபோதுதான் பயம் வந்தது.

இதைச் சொல்லுமுன் அந்தத் தொழிற்சாலையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். விற்ற பாட்டிலில் பழுது இருந்தால் வாங்கியவர்கள் திருப்பி அனுப்புவார்கள். எந்த ஷிஃப்ட் என்பது பாட்டிலின் அடியில் இருக்கும். மூன்று லைட்டுக்காரிகளில் யார் கண்ணுக்குத் தப்பியது என்பது இருக்காது. அந்தப் பாட்டிலைக் கேன்டீன் வாசலில் ஒரு சின்ன மேசையில் வைத்துவிடுவார்கள். மூன்று பேரில் ஒருத்தி போய், "என்னுது" என்று சொல்லும்வரை அது அங்கேயே நிற்கும். சொல்லிவிட்டால் அவளுக்கு ஒருநாள் கட்டாய லீவு, அவ்வளவுதான். சொல்லாவிட்டால் மூன்று பேருக்கும். சொல்லாமல் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. சில சமயம் தன்னுடையது இல்லை என்று தெரிந்தும், மற்றவள் வீட்டில் கஷ்டம் என்றால் இன்னொருத்தி போய்ச் சொல்லிவிடுவாள். அதில் அவர்களுக்கு ஒரு கர்வம். முதலாளி வீட்டில் இருக்கிறதோ இல்லையோ, நம்மிடம் மானம் இருக்கிறது என்பார்கள். நேர்மையைக்கூட நேரம் பார்த்து அறுவடை செய்கிறவர்கள் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த மேசையில் இன்று பாட்டில் இல்லை. பள்ளிக்கூடக் கதவில் இருந்த தாளின் நகல் ஒன்று, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் நாலு மூடி வைத்து, விரித்துக் கிடந்தது.

டைம் ஆபீஸர் பக்கத்தில் நின்றிருந்தார். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். பதினெட்டு வயசுப் பெண்ணையும் "அம்மா" என்பார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை; அவர் கையெழுத்துப் போட்டு வேலை போனவர்கள் கணக்கில் அடங்காது.

"முதலாளி மனசு ரொம்ப வருத்தப்படுது" என்றார். "ஜெயிச்சாச்சு, அதுல சந்தோஷம்தான். வெளியில ஆயிரம் பேர் ஆயிரம் விதமாப் போடுவாங்க, அது அவங்க இஷ்டம். ஆனா இது நம்ம வீடு. வீட்டுக்குள்ள ஒருத்தருக்கு மனக்குறை இருக்குன்னா, என்ன குறைன்னு தெரிஞ்சுக்க வேணாமா? அதுக்குத்தான் கேக்கறோம். திட்டறதுக்கு இல்ல. சனிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள எங்கிட்ட தனியா வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். அந்த ஒருத்தரோட பேசி முடிச்சுக்கலாம். இல்லன்னா..." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லன்னா வீடுகளை எல்லாம் புதுசா ஒதுக்கச் சொல்றாரு. எங்கயாவது ஒரு எடத்துல ஆரம்பிக்கணும் இல்லையா. யார் மேல சந்தேகமோ அந்த வீட்லதான் ஆரம்பிக்கணும்."

அவர் யாரையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கேன்டீனில் இருந்த அத்தனை தலையும் பேக்கிங் அக்கா பக்கம் திரும்பியது. பேக்கிங் அக்காவின் தங்கையைத்தான் மூணுவிரல் கட்டியிருந்தார். அக்கா டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள், பிள்ளையும் கிடையாது. கடைசி வரிசையில் ஒற்றை அறை வீடு.

"ஒருத்தர் பண்ணின காரியத்துக்கு ஊரே தெருவுல நிக்கணுமா?" என்று முதலில் சத்தம் போட்டது அச்சு ஃபிட்டர். "தைரியம் இருந்தா வந்து சொல்ல வேண்டியதுதானே!" அவனுக்கு வாய் எப்போதுமே பெரிசு. அன்று முகமும் சிவந்திருந்தது.

லைட்டுக்காரியின் புருஷனுக்கு உலையில் வேலை, மூன்றரை மணி ஷிஃப்ட். அவள் வீட்டுக்குள் நுழையும்போது அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பான். பத்து வருஷமாக அவர்களுடைய குடித்தனம் வாசல்படியில்தான் நடக்கிறது. கேஸ் தீர்ந்துடுச்சு, பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும், குழம்பு மேல தட்டு மூடியிருக்கு. இந்த அளவுக்குத்தான் பேச நேரம். மகள் பத்தாம் வகுப்பு. அதே பள்ளிக்கூடம், அதே கதவு. இன்னும் ஐந்து வாரத்தில் பரீட்சை. வீட்டைக் காலி செய்யச் சொன்னால் பள்ளிக்கூடமும் போய்விடும், அது வேலிக்குள் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்.

அன்று அவன் செருப்பை மாட்டாமல் படியில் உட்கார்ந்திருந்தான். செய்தி அவனுக்கு முன்பே வந்திருந்தது. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

"ஜெயிச்ச மனுஷனுக்கு ஒரு ஓட்டு பெரிசாங்க?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"வேலிக்கு வெளிய போட்டா அது ஓட்டு. வேலிக்கு உள்ள போட்டா அது திருட்டு" என்றான் அவன். "நம்மகிட்ட ஓட்டுக் கேக்கறது, மழை பெய்யலாமான்னு குடையைக் கேக்கற மாதிரிதான். குடை என்ன சொன்னா என்ன? நனையப் போறது குடைதான்."

"அப்ப யாருமே போடக் கூடாதா?"

அவன் செருப்பை மாட்டி, அதன் பக்கிள் துவாரத்தைத் தேடி விரலால் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, "எவனோ ஒருத்தன் போட்டுட்டான். இப்ப அந்த அக்கா தலையில விடியுது. போட்டவன் போய்ச் சொல்லிடறதுதான் மரியாதை" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போய்விட்டான்.

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இவரிடம் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஊமை கண்ட கனவு மாதிரி அது உள்ளேயே அடங்கியது.

மறுநாள் லைன் வீடுகளில் யாரும் யாரிடமும் பேசவில்லை என்று சொல்ல முடியாது. எல்லாரும் பேசினார்கள், அளவுக்கு மேல் பேசினார்கள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள், தண்ணீர் வருகிற நேரத்தைப் பற்றிப் பேசினார்கள். தான் யாருக்குப் போட்டோம் என்பதை யாரும் கேட்காமலே ஒவ்வொருவரும் இரண்டு தடவை சொன்னார்கள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள்; அந்த இரண்டு நாளில் வெறும் மடிக்காரர்களும் பயந்துதான் நடந்தார்கள். குழாயடியில் பேக்கிங் அக்கா குடத்தை வைத்ததும் மற்றவர்கள் தங்கள் குடங்களை ஓரடி தள்ளி வைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லிக்கொண்டு செய்யவில்லை, கை தானாகவே செய்தது. லைட்டுக்காரியின் கையும்தான்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு கிண்ணத்தில் குழம்பை எடுத்துக்கொண்டு, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று கடைசி வரிசைக்குப் போனாள். அக்காவின் வீட்டில் சாமான்கள் ஏற்கெனவே கட்டாகி இருந்தன. பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பழைய துணி கொடுத்து, ஒரு சத்தம் வராதபடி பொதிந்திருந்தாள். பேக்கிங்கில் இருபது வருஷம். தன் வீட்டையும் பாட்டில் மாதிரியே கட்டியிருந்தாள்.

"இன்னும் யாரும் போகச் சொல்லலையே அக்கா."

"சொல்லிட்டுத்தான் கட்டணுமா? திங்கக்கிழமை வந்து தூக்கிப் போட்டா பாத்திரம் நசுங்கிடும்." அக்கா பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு சொன்னா நம்புவியா நீ?"

"சொல்லுங்க."

"நான் முதலாளி மச்சினருக்குத்தான் போட்டேன்." சொல்லும்போதே அவள் வாய் கோணியது. "கூடப்பிறந்த தங்கச்சி புருஷன். ரெண்டு விரலு போய் ரத்தமா நின்னப்ப என் முந்தானையைக் கிழிச்சுத்தான் கட்டுனேன். அந்தாளுக்குப் போடலடி நான். அந்த அட்டைக்குப் பின்னால நின்னா, கை நடுங்குது. மேல எங்கயோ கேமரா இருக்குமோ, தாள்ல ஏதாவது அடையாளம் இருக்குமோன்னு. குத்திட்டேன் இந்தப் பக்கம். வெளிய வந்து வாந்தி எடுத்தேன். இப்ப என்னடான்னா நான்தான் போட்டேன்னு சொல்றாங்க. இல்லன்னு சத்தியம் பண்ணலாம். பண்ணினா, என் தங்கச்சி காதுக்குப் போகும். போடாதவ போட்ட பேரோட போறேன். போய்ட்டுப் போறேன் விடு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் லைட்டுக்காரிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கிண்ணத்தைப் பக்கத்துப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்த கயிற்றை இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டதற்கு ஒரு மனிதனின் வேலை போயிற்று. இன்னொரு தடவை மூடினால் அவர் மனைவியின் அக்கா வீடு போகும். ஒரே குடும்பத்தை எத்தனை தடவைதான் விழுங்குவது என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது புருஷன் எழுந்துவிட்டிருந்தான். வழக்கமாகப் பத்து மணிவரை தூங்குகிறவன் அன்று குடங்களை எல்லாம் நிரப்பி வைத்திருந்தான். மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே ஏதோ பழைய பாட்டைச் சீட்டியடித்தான். மூன்று நாளாகக் கல் மாதிரி இருந்த முகம் தெளிந்திருந்தது. இவருக்கென்ன, மனசாட்சியில் அழுக்கில்லாத மனிதர் என்று அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு, தான் இன்று செய்யப்போவதற்கு இவரும்தானே தெருவில் நிற்பார் என்று நினைத்தபோது அந்தக் கோபம் அழுகையாக மாறப் பார்த்தது. "போய்ட்டு வரேங்க" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. குளியலறையில் முகம் கழுவினாள். புடவையில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தாள். டைம் ஆபீஸ், கேட்டுக்குப் பக்கத்தில் மூன்று படி ஏறிப் போகிற தனி அறை.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார் டைம் ஆபீஸர். எதிர்பார்த்தவரை வரவேற்கிற குரல் அது. அவளுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

உட்காராமலே சொன்னாள். "சார், அது என்னுது."

"எதும்மா?"

"அந்த ஓட்டு. பேக்கிங் அக்கா போடல. நான்தான் போட்டேன். அவங்களை ஒண்ணும் பண்ணாதீங்க."

அவர் அதிர்ச்சியடையவில்லை, கோபப்படவும் இல்லை. தலையை மெதுவாக ஆட்டினார். "இப்படி வந்து சொல்றதுக்கு ஒரு மனசு வேணும்மா" என்றார். மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு நோட்டைத் திருப்பி, இடது கையால் மேல்பாதியை மறைத்துக்கொண்டு, வலது கையால் பேனாவைத் தேடினார். "டோக்கன் நம்பர்?"

"இருநூத்து ஏழு."

பேனா கோப்புகளுக்கு நடுவில் சிக்கியிருந்தது. அதை எடுக்க அவர் இடது கையை ஒரு கணம் தூக்கினார். ஒரு நொடிகூட இருக்காது. அவள் அதைவிடக் குறைந்த நேரத்தில் மயிரிழை விரிசலைப் பார்த்துப் பழகியவள். எழுத்துகள் தலைகீழாக இருந்தது ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தின் தலையில் தேர்தல் தேதி. அதற்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக டோக்கன் நம்பர்கள், பதினொன்று. தொண்ணூற்றாறு, லாரியில் சுமை ஏற்றுகிறவர். நூற்று நாற்பத்து நாலு, கேன்டீனில் சத்தம் போட்ட அச்சு ஃபிட்டர். கடைசிக்கு முந்தின வரியில், வெள்ளிக்கிழமைத் தேதி போட்டு, முந்நூற்றுப் பதினெட்டு. அந்த நம்பரை அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பத்து வருஷமாக அந்த எண் தைத்த சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு வருகிறாள்.

அவர் பன்னிரண்டாவதாக இருநூற்றேழு என்று எழுதினார். அழகான, வட்டமான கையெழுத்து.

தரை இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. போட்டவன் போய்ச் சொல்லிடறதுதான் மரியாதை. அன்று வாசல்படியில் புருஷன் தன்னைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். காலையில் சீட்டியடித்தது, அக்காவைக் காப்பாற்றிவிட்டோம் என்கிற நிம்மதியில். அவரும் அந்த ஒன்று தன்னுடையது என்றுதான் நினைத்திருக்கிறார். பன்னிரண்டு பேரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேரும் முகம் கழுவிக்கொண்டு, யாரோ ஒருத்திக்காக, இந்த மூன்று படியையும் தனித்தனியாக ஏறியிருக்கிறார்கள்.

"சார்" என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. "ஒரு ஓட்டுதானே சார் விழுந்துச்சு?"

டைம் ஆபீஸர் பேனாவின் மூடியைத் திருகி மூடினார். அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில், நீ பார்த்துவிட்டாய் என்பது எனக்குத் தெரியும் என்பதும் இருந்தது.

"ஒட்டினது அதுதாம்மா" என்றார்.

வெளியே கேட்டில் லாரி ஒன்று எடை மேடையில் ஏறுகிற சத்தம் கேட்டது. அவர் நோட்டைப் பழையபடி குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"அக்காவை..."

"திங்கக்கிழமை வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்மா. இன்னும் நாள் இருக்குல்ல." சனிக்கிழமை கெடு திங்களுக்கு நகர்ந்திருந்தது. யாரும் அதை அறிவிக்கவில்லை. "நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க. பொண்ணுக்குப் பரீட்சை வருது. அது முடியற வரைக்கும் நான் பாத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு. இங்க பேசினது இங்கயே இருக்கணும். வீட்லகூட வேணாம். வெளிய ஒரு வார்த்தை போச்சுன்னு வைங்க, அப்புறம் என் கையில இல்ல. இன்னைக்கே சாமான் தெருவுக்கு வந்துடும். புரியுதாம்மா?"

"புரியுது சார்."

அறையை விட்டு எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. வெயில் கண்ணை அடித்தது. மேல்படியில் நின்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் எத்தனை பேர்? பெட்டியில் விழுந்தது எத்தனை என்று அவருக்குத் தெரியும். யார் யார் என்பதுதான் தெரியாது. அதை அவர் தேட வேண்டியதில்லை, மனசு இருக்கிறவர்கள் தாங்களாகவே நடந்து வருவார்கள். மனசு இல்லாதவர்களால் அவருக்குத் தொந்தரவும் இல்லை. பரீட்சை முடியும்வரை ஐந்து வாரம். ஐந்து வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் மகள் எழுதிவிடுவாள். பிறகு என்ன நடந்தாலும் நடக்கட்டும். வாயை மூடுவது அவளுக்குப் புதிதா என்ன.

கீழே, எடை மேடையைச் சுற்றிக்கொண்டு சின்னவள் வந்துகொண்டிருந்தாள்.

தலையைப் படிய வாரியிருந்தாள். வேலைக்கு உடுத்தியிருந்ததை மாற்றி வேறு உடுத்தியிருந்தாள். முகத்தில் தண்ணீர் இன்னும் காயவில்லை. லைட்டுக்காரியைப் பார்த்ததும் நடை தயங்கியது. பிறகு சிரிக்க முயன்றாள்.

"என்னக்கா, நீங்க இங்க?"

"நீ எங்க வந்த?"

"லீவு லெட்டர் குடுக்கணும். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல."

அவள் கையில் காகிதம் எதுவும் இல்லை. கண்ணுக்குக் கீழே மூன்று நாள் தூக்கம் கறுத்துக் கிடந்தது. பாவம்க்கா, அது யாரா இருந்தாலும் என்று இவள் சொன்னது யாரைப் பற்றி என்று லைட்டுக்காரிக்கு இப்போது தெரிந்தது.

பின்னால் அறையில் நாற்காலி நகர்ந்தது. ஜன்னல் கதவு திறக்கிற சத்தம். "யாரும்மா அது?" என்றது அந்த உயராத குரல். "வாங்க, வாங்க, உள்ள வாங்க."

"வழி விடுங்கக்கா" என்று சின்னவள் முதல் படியில் கால் வைத்தாள். இரண்டாம் படியில் வைத்தாள்.

லைட்டுக்காரியின் கை முன்னால் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தது. மெல்லிய கை. நாடி ஓடுவது உள்ளங்கைக்குத் தெரிந்தது.

"விடுங்கக்கா. என்னக்கா இது? பாக்கறாரு."

அவள் விடவில்லை. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் டைம் ஆபீஸர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு பேரையும் பார்த்தபடி, அவசரமே இல்லாமல் பேனாவின் மூடியைத் திருகித் திறந்துகொண்டிருந்தார்.